சம்பந்தியை முந்தலாமா?

"அப்பா, எழுந்துரு! நீ இன்னிக்கு எட்டு கிலோமீட்டர் ஓடினியா?"

சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் இருந்த சுப்ரமணியனுக்குக் கேள்வி புரிய அரை நிமிடம் ஆயிற்று. ஐம்பத்தாறு வயது மனிதர். கடைசியாக அவர் ஓடியது போன மழைக்காலத்தில், பறந்துபோன குடைக்குப் பின்னால். குடையும் கிடைக்கவில்லை.

"யாரு, நானா?"

"உன் போன் சொல்றது. எட்டு கிலோமீட்டர், நாப்பத்துமூணு நிமிஷம். கிலோமீட்டருக்கு அஞ்சு நிமிஷம் இருபத்துமூணு செகண்ட்."

"அது நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப நல்லது. அதான் பிராப்ளம்" என்றாள் ரஞ்சனா. "செம்பூர் மாமா பாத்துட்டார்."

சுப்ரமணியன் எழுந்து உட்கார்ந்தார். தூக்கம் போய்விட்டது.

செம்பூர் மாமா என்றால் வெங்கடராமன். இரண்டு வாரத்துக்கு முன்னால் மும்பை மாட்டுங்காவில் உள்ள இவர்கள் ஃபிளாட்டுக்கு, மகன் நகுலுக்காகப் பெண் பார்க்க வந்தவர். நகுலும் ரஞ்சனாவும் ஏற்கெனவே போனில் பேசிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தேதியை வெங்கடராமன் இன்னும் ஒரு வாரத்தில் சொல்வதாக ஏற்பாடு.

வெங்கடராமன் அணுசக்தி நகரில் முப்பத்தெட்டு வருஷம் மீட்டர்களைப் பார்த்துக் கணக்கெடுத்த என்ஜினீயர். ரிட்டயர் ஆன பிறகு பார்ப்பதற்கு மீட்டர் இல்லாமல் தவித்துப்போய்த் தன்னையே அளக்க ஆரம்பித்தார். குடிக்கிற தண்ணீர், தூங்குகிற நேரம், ஏறுகிற படி, மனைவி வைக்கிற குக்கரின் இரண்டு விசில்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. மூன்று வருஷமாக ஓடவும் செய்கிறார்.

பெண் பார்க்க வந்த அன்று, கேசரித் தட்டு காலியாவதற்குள் சுப்ரமணியனின் போனை வாங்கி, ஓட்டத்தை அளக்கிற ஆப்பை அவரே போட்டுக் கொடுத்துவிட்டார்.

"நீங்கோ ஓடறது எனக்குத் தெரியும், நான் ஓடறது உங்களுக்குத் தெரியும். சம்பந்தின்னா இப்படித்தான் இருக்கணும். டேட்டா பொய் சொல்லாது."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் சுப்ரமணியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அவர் போனில் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கடராமனின் மனைவி சாதனா மட்டும், "கேசரி நன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கடைசி வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், சாதுவான மாமி என்று சுப்ரமணியன் மனதில் குறித்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று கிருத்திகை. செம்பூர் முருகன் கோயிலில் மகள் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரும்படி மனைவி அம்மிணியின் உத்தரவு. காலையில் தேங்காய்ப் பையும் கையுமாகக் கிளம்பிய சுப்ரமணியன், போகிற வழியில் ஃபைவ் கார்டன் பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டால் சம்பந்திக்குக் கணக்குக் காட்டின மாதிரியும் இருக்கும் என்று ஆப்பை அமுக்கினார். அமுக்கியதும் அம்மிணியிடமிருந்து போன்.

"ஏன்னா, கூட்டம் வரதுக்கு முன்னாடி போங்கோளேன்!"

தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து ஏறினார். ஜன்னல் ஓரம் இடம். ஏறியதும் கண்ணை மூடினார். வண்டி வழியில் உள்ள சயன் பகுதியைத் தாண்டும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செம்பூரில் பின் சீட்டுப் பையிலிருந்து நீண்டுகொண்டிருந்த ஏதோ முருங்கைக்காய் கழுத்தில் இரண்டு தடவை குத்தியது. மூன்றாம் தடவை பலமாகக் குத்தியது. எரிச்சலோடு விழித்தவர், கோயில் ஸ்டாப் வந்திருப்பதைப் பார்த்து விழுந்தடித்து இறங்கினார். மும்பை பஸ்ஸில் குத்துப்படுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை.

கோயில் வாசலில் போனை சைலண்ட்டில் போடுகிறேன் என்று எதையோ அமுக்கினார். ஆப் நின்றது. நின்றதோடு விடாமல், சுப்ரமணியனின் மகத்தான ஓட்டத்தை வெங்கடராமனுக்கும் அனுப்பி வைத்தது.

ஆப்பைக் குறை சொல்வதற்கில்லை. சயன் பக்கம் போக்குவரத்து நெரிசலில் பஸ் போகிற வேகமும், நல்ல கட்டுடம்புள்ள ஒருவன் ஓடுகிற வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த விவகாரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நிமிடம் குறையக் குறையப் பெருமை கூடும். வெங்கடராமன் மூன்று வருஷம் மூச்சிரைக்க ஓடி எட்டியிருந்த எண் ஏழு நாற்பது. தூங்கிக்கொண்டே சுப்ரமணியன் எட்டியது ஐந்து இருபத்துமூன்று.

அந்த எண்ணுக்குக் கீழே வெங்கடராமன் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். 'நோட்டட்.'

"கோபமா இருக்காரோ?" என்றார் சுப்ரமணியன்.

அம்மிணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "கோபம் வராம? பிள்ளையாத்துக்காரா சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் பொண்ணாத்துக்காரா இலையில உக்காரணும். அவாளுக்கு வெள்ளி டம்ளர்னா நமக்கு எவர்சில்வர். அப்படி இருக்கச்சே நீங்கோ பாட்டுக்கு சம்பந்தியை முந்திண்டு ஓடினா?"

"நான் எங்கே ஓடினேன்? பஸ்தான் ஓடித்து."

"அப்போ அதைச் சொல்லிடு, சிம்பிள்" என்றாள் ரஞ்சனா.

"பஸ்ஸில போயிட்டு ஓடினேன்னு போட்டதா நினைச்சுக்க மாட்டாரோ? முதல்ல இதை அழிச்சுடறேன்."

அழித்தார். அழித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. செம்பூரிலிருந்து போன்.

"மிஸ்டர் சுப்ரமணியன்" என்றது குரல்.

இரண்டு வாரமாகச் சம்பந்தி, சம்பந்தி என்று கூப்பிட்டவர் மிஸ்டருக்கு இறங்கிவிட்டார்.

"ஏன் அழிச்சுட்டேள்? பரவாயில்லை, நான் காப்பி எடுத்து வெச்சிருக்கேன்."

"அது வந்து... அது ஒண்ணும் பெரிசில்லை. பெரிசாச் சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்லை."

அவர் சொல்ல வந்தது, நான் ஓடவே இல்லை என்பது. வெங்கடராமனுக்குக் கேட்டதோ வேறு.

"அஞ்சு இருபத்துமூணே பெரிசில்லையா? இதைவிட வேகமா ஓடுவேளா?"

"ஐயையோ, அப்படி இல்லை. ஏதோ முருகன் புண்ணியம்."

"ஓஹோ. மேப்பைப் பாத்தேன். எங்க தெருவுக்கு நாலு தெரு தள்ளி வரைக்கும் ஓடி வந்திருக்கேள். ஆத்துக்கு வரணும்னு தோணலையாக்கும்?"

இது புதுக் குற்றம். சுப்ரமணியன் தடுமாறினார். "வேர்வையோட எப்படி வரதுன்னு..." என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதுவரை பொய் சொன்னது போன்தான். இப்போது அவரும் சொல்லியாயிற்று.

"எனக்குப் பொய் சொல்றவாளைக் கண்டா ஆகாது" என்றார் வெங்கடராமன், சம்பந்தமில்லாமல். "எங்க குரூப்ல ஒருத்தன் ஸ்கூட்டர்ல போயிட்டு ஓடினேன்னு போட்டான். முப்பது வருஷ சிநேகிதம், கட். சரி, வெச்சுடறேன்."

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இனிமே எப்படிடீ உண்மையைச் சொல்றது?" என்று சுப்ரமணியன் மகளைப் பார்த்தார். ரஞ்சனாவுக்குக் கண் கலங்கியிருந்தது. இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பெண் இது வேண்டும் என்று அவரிடம் கேட்டவை சொற்பம். கேட்டவற்றில் பெரியது இந்த நகுல்தான்.

"கவலைப்படாதே. மெதுவா ஓடிக் காட்டிடறேன். இவ்வளவுதான் இவர் லட்சணம்னு அவருக்கே புரிஞ்சுடும்."

மறுநாள் காலை ஆப்பை அமுக்கிவிட்டு, ஃபைவ் கார்டனைக் கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி சுற்றினார். தள்ளுவண்டிக் குழந்தைகள் அவரை முந்தின. வாக்கரோடு வந்த ஒரு பார்ஸி மாமா முந்தினார். பத்து மணிக்குச் செம்பூரிலிருந்து செய்தி வந்தது. ரஞ்சனா வாசித்தாள்.

"'கிலோமீட்டருக்குப் பத்தொன்பது நிமிடம். ரிகவரி ரன். வேகமாக ஓடிய மறுநாள் இவ்வளவு மெதுவாக ஓடுகிற கட்டுப்பாடு பெரிய ஓட்டக்காரர்களுக்கே வரும். எனக்கு வராது. நோட்டட்.'"

"நடந்தாலும் குத்தமா?" என்று அலறினார் சுப்ரமணியன்.

"முட்டி வலின்னு சொல்லிடுங்கோ" என்றாள் அம்மிணி. "ஓடலைன்னா ஒரு வம்பும் இல்லை."

சொன்னார். அன்று சாயங்காலமே பதில் வந்தது. 'எட்டு கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத் திடீரென்று முட்டி வலிப்பது விசித்திரம். நேரில் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குக் குடும்பத்தோடு மாட்டுங்கா வருகிறோம். நாம் இருவரும் ஃபைவ் கார்டனில் மூன்று சுற்று ஓடுவோம். அதற்குப் பிறகு மற்ற விஷயம் பேசுவோம்.'

மற்ற விஷயம் என்றால் கல்யாணம். இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

அந்த வாரம் முழுக்க சுப்ரமணியனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மூன்று ஃபைல்களை மாற்றி அனுப்பினார். சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாளைக்கு நான் தோத்துடறேன். நாகரிகமா, கொஞ்சமாத் தோக்கறேன். அவருக்கு மனசு குளிர்ந்துடும், தேதி குறிச்சுடுவார்."

"தோக்கறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்?" என்றாள் அம்மிணி. அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஞாயிறு காலை வெங்கடராமன் வந்திறங்கினார். நெஞ்சில் ஒரு பட்டை, இடுப்பில் இரண்டு தண்ணீர்க் குப்பி, மணிக்கட்டில் ஒரு வாட்ச், கையில் போன். மனிதர் ஓட வந்தாரா, ஆபரேஷனுக்கு வந்தாரா என்று தெரியவில்லை. நகுல் சங்கடமாகச் சிரித்தான். சாதனா மாமி கையில் ஒரு துணிப்பையோடு, வழக்கம்போல மௌனமாக, அம்மிணியோடு மாடிக்குப் போனார்.

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார் சுப்ரமணியன்.

இரண்டு போன்களிலும் ஆப்பை அமுக்கினார்கள். ஓட்டம் ஆரம்பமாயிற்று.

நூறு மீட்டர் போவதற்குள் சுப்ரமணியனுக்கு ஒரு பயங்கரமான உண்மை தெரிந்தது. வெங்கடராமனுக்கு ஓடத் தெரியவில்லை. கை வீச்சு பிரமாதம், மூச்சுச் சத்தம் பிரமாதம், ஆள் மட்டும் நகரவில்லை. இவர் பாட்டுக்கு நடந்தாலே பக்கத்தில் வந்துவிடுகிறார். முப்பது வருஷமாக எட்டு இருபத்திரண்டு லோக்கல் ரயிலைப் பிடிக்க மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போகிற நடை. அது மும்பைக்காரர்களுக்கு நடை, வெளியூர்க்காரர்களுக்கு ஓட்டம். அதை எப்படிக் குறைப்பது என்று அவருக்குத் தெரியாது.

குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். நிமிர்ந்து பத்து எட்டு வைத்தால் சம்பந்தியின் முதுகு மூக்கில் இடித்தது. மறுபடி லேஸ். பிறகு தண்ணீர். பிறகு தெரியாத ஒருவரிடம் மணி கேட்டார். பிறகு இன்னொரு தடவை லேஸ்.

"லேஸ் மூணாவது தடவை" என்றார் வெங்கடராமன் மூச்சிரைப்புக்கு நடுவே. "நோட்டட்."

ஆனாலும் மூன்றாம் சுற்றின் கடைசி வளைவு வரை எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. வெங்கடராமன் முப்பது அடி முன்னால். முடிவிடத்துக்கு முன்னூறு மீட்டர்தான் இருந்தது. தோல்வி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சுப்ரமணியன் முருகனுக்கு மானசீகமாக இன்னொரு தேங்காயை நேர்ந்துகொண்டார்.

அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து, லோக்கல் ரயில் கிளம்பப் போகிற ஹாரன் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு சுப்ரமணியன் பொறுப்பல்ல, அவர் கால்கள்தான் பொறுப்பு. இல்லாத ஆபீஸ் பை கக்கத்தில் இடுங்கியது. முழங்கை இரண்டும் விரிந்தன. "சைட் தேனா, பாய்! சைட்!" என்று இந்தியில் வழிவிடச் சொல்லிக் கத்தியபடி, வாக்கிங் வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வெங்கடராமனையும் ஒரு முழங்கையால் ஒதுக்கிவிட்டு, எட்டு இருபத்திரண்டின் மூன்றாவது பெட்டியைப் பிடிக்கிற வேகத்தில் பறந்து முடிவிடத்தில் இருந்த இரும்புக் கம்பத்தை எட்டிப் பிடித்தார்.

கம்பத்தைப் பிடித்த பிறகுதான் அது ரயில் பெட்டியின் கம்பியல்ல என்பது புரிந்தது. சம்பந்தியை முந்தியது மட்டுமல்லாமல் முழங்கையால் இடித்தும் ஆயிற்று. மகளின் முகம் நினைவுக்கு வந்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நிமிடம் கழித்து வெங்கடராமன் வந்து சேர்ந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு குப்பியை முழுக்கக் குடித்தார்.

"உங்க போனைக் காட்டுங்கோ" என்றார் கடைசியில்.

சுப்ரமணியன் நீட்டினார். வெங்கடராமன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கடைசி முன்னூறு மீட்டர். அஞ்சு நிமிஷம் இருபது செகண்ட் வேகம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "என்னை மன்னிச்சுடணும், சம்பந்தி."

சுப்ரமணியனுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "சம்பந்தியா?"

"நான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். ஏதோ வண்டியில போயிட்டு ஓடினதாப் போட்டிருக்கேள்னு நினைச்சேன். பொய் சொல்ற குடும்பத்துல சம்பந்தம் வேண்டாம்னு ஆத்துல சொல்லியும் ஆச்சு. நகுல் ரெண்டு நாள் சாப்பிடலை. சாதனாதான், 'எதுவா இருந்தாலும் நேர்ல ஒரு தடவை கூட ஓடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கோ'ன்னா. நீங்கோ எனக்காக லேஸ் கட்டிக் கட்டிக் காத்துண்டிருந்ததை நான் கவனிக்கலைன்னு நினைக்காதேங்கோ. இன்னிக்கு மட்டும் நீங்கோ தோத்திருந்தா இந்தக் கல்யாணம் நடந்திருக்காது."

சுப்ரமணியன் கம்பத்தை மறுபடி பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வெங்கடராமன் எழுந்து, வேர்வையோடு அவரைக் கட்டிக்கொண்டார்.

"நான் சொல்லலை? டேட்டா பொய் சொல்லாது."

அடுத்த ஒரு மணி நேரம் மாட்டுங்கா ஃபிளாட்டில் திருவிழா. வெங்கடராமன் நிச்சயதார்த்தத்துக்கு ஆவணியில் ஒரு தேதி சொன்னார். அம்மிணி ஊத்தப்பமாக வார்த்துத் தள்ளினாள். இனிமேல் வேகத்தைப் பற்றி வாயே திறக்கப் போவதில்லை என்றும், நிஜமான ஓட்டக்காரரைப் பார்த்த பிறகு தன் கணக்கெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது என்றும் வெங்கடராமன் அறிவித்தார். குக்கர் விசிலைக்கூட அன்று அவர் எண்ணவில்லை. ரஞ்சனாவும் நகுலும் பால்கனியில் நின்று ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுப்ரமணியன் மட்டும் ஊத்தப்பத்தைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனிதர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதுவும் தூங்கிக்கொண்டு பஸ்ஸில் போனவனிடம். இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு பெண்ணைக் கொடுத்தால் மனசு உறுத்தாதா? வெங்கடராமனிடம் சொல்லத் தைரியம் இல்லை. சாதுவான சாதனா மாமியிடம் சொன்னால், அவர் சமயம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிவிடுவார்.

சமையலறை வாசலில் மாமி தனியாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். சுப்ரமணியன் போய்க் கையைப் பிசைந்தார்.

"மாமி, உங்ககிட்டே ஒண்ணு சொல்லணும். அந்தக் கிருத்திகை அன்னிக்கு... நான் எட்டு கிலோமீட்டர் ஓடினேன்னு..."

"எங்காத்துக்காரர் ஓடறதை மூணு வருஷமாப் பாத்துண்டிருக்கேன், மாமா" என்றார் சாதனா. "நீங்கோ நடந்தாலே ஜெயிச்சுடுவேள்னு எனக்குத் தெரியும். அதான் கூட ஓடிப் பாக்கச் சொன்னேன். இனிமே எங்காத்துல குக்கர் நிம்மதியா விசிலடிக்கும்."

"அதில்லை மாமி, அன்னிக்கு நான் ஓடவே..."

மாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். கொண்டுவந்த துணிப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பையின் வாயிலிருந்து அரை முழத்துக்கு முருங்கைக்காய்கள் நீண்டுகொண்டிருந்தன.

"போன கிருத்திகைக்கும் இங்கே மாட்டுங்கா மார்க்கெட்லதான் முருங்கைக்காய் வாங்கிண்டு போனேன்" என்றார் சாதனா மாமி, குரலைத் தாழ்த்தி. "கோயில் ஸ்டாப் வந்தும் குறட்டை விட்டுண்டிருந்தேள், மூணு தடவை குத்தினப்புறம்தான் எழுந்துண்டேள்!"